பிரேசில் லீக்கை ஒரு சீசன் முழுக்கப் பின்தொடர: பல்மெய்ராஸா, ஃப்ளமெங்கோவா, பொட்டாஃபோகோவா?

பிரேசில் கால்பந்து பார்க்கலாம் என்றிருக்கிறேன், எந்த டீமைப் பிடிக்கலாம் என்று யார் கேட்டாலும் என் பதில் பல்மெய்ராஸ்தான். 2023 சீசனிலிருந்து நான் அந்தப் பச்சைச் சட்டைக்காரர்கள் பக்கம். அதே ஆண்டுகளில் ஃப்ளமெங்கோவையும் பொட்டாஃபோகோவையும் விடாமல் கவனித்து வந்திருக்கிறேன். கோப்பைகளில் பெரும்பகுதி இந்த மூவருக்குள்தான் சுற்றியது என்பதால் கவனிக்காமல் இருக்கவும் வழியில்லை. அதனால் மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்துப் பேசுகிறேன். போர்ட்டோ அலெக்ரேவின் கிரெமியோ, இன்டர்நாசியோனால் இரண்டையும் தொடர்ச்சியாகப் பார்க்காததால் இங்கே சேர்க்கவில்லை. பெருமைக்கு அவை எந்த விதத்திலும் குறைந்தவை இல்லை.

டீம் எதுவும் வேண்டாம், பொதுவாகப் பார்த்துக்கொள்கிறேன் என்பது பிரேசிலில் சரிப்பட்டு வராது. தேசிய லீக்கான பிரசிலெய்ராவில் 20 அணிகள், 38 சுற்றுகள், கடைசி நான்கு அணிகள் கீழே இறங்கும். அது போக மாநிலத் தொடர், நாக்அவுட் முறையில் நடக்கும் கோப்பா டோ பிரசில், தென் அமெரிக்கக் கண்டத்தளவிலான லிபெர்டடோரெஸ். பெரிய அணி ஒன்று ஆண்டுக்கு அறுபது எழுபது மேட்ச் ஆடிவிடும். ஒரு நூலைப் பிடித்துக்கொண்டால்தான் இதற்குள் நடமாட முடியும்.

மூன்று அணிக்கும் பொதுவான விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். நேர வித்தியாசம் எட்டரை மணி. பிரேசிலில் ஞாயிறு மாலை 4 மணி மேட்ச் நமக்குத் திங்கள் நள்ளிரவு 12.30. புதன் இரவு 9.30 மேட்ச் வியாழன் காலை 6 மணி. காலை மேட்ச் வரம். மாலை ஏழு மணி ஆட்டங்கள், நமக்கு விடிகாலை மூன்றரை, உடம்புக்கு ஆகாது. புள்ளிகள் சமமானால் இங்கே முதலில் பார்ப்பது வெற்றிகளின் எண்ணிக்கை, கோல் வித்தியாசம் அதற்குப் பிறகுதான். ஐரோப்பிய லீக் பார்த்துப் பழகியவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ரசிகர் கூட்டம் என்றால் ஃப்ளமெங்கோ, போட்டியே இல்லை. நாட்டிலேயே அதிக ரசிகர்கள் உள்ள அணி, ரியோவின் பெரிய மைதானமான மரக்கானாவை நிரப்பும் அணி. ஃப்ளா-ஃப்ளு மேட்சில் மரக்கானாவின் ஒரு பக்கம் சிவப்பு கறுப்பு, மறுபக்கம் ஃப்ளுமினென்ஸேயின் மூவண்ணம். இந்தக் காட்சியைப் பல்மெய்ராஸ் ரசிகனுக்குத் தர முடியாது. சாவோ பாலோ மாநிலத்தில் 2016 முதல் பெரிய அணிகள் மோதும் மேட்சுகளுக்கு உள்ளூர் அணி ரசிகர்களை மட்டுமே அனுமதிக்கிறார்கள். ஊர் எதிரியான கொரிந்தியன்ஸ் வந்து ஆடும்போது, பல்மெய்ராஸின் மைதானமான அலியான்ஸ் பார்க்கே முழுக்கப் பச்சைதான். எதிர்ப்பாட்டு இல்லாத மோதல் பாதி மோதல்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். (எந்த மைதானத்திலும் நேரில் உட்கார்ந்து பார்த்ததில்லை. கூட்டத்தைப் பற்றி நான் சொல்வதெல்லாம் திரையில் கண்டதும் கேட்டதும்.) பல்மெய்ராஸின் செயற்கைப் புல்தரை இன்னொரு குறை. பொட்டாஃபோகோவின் நில்டன் சாண்டோஸ் மைதானத்திலும் அதேதான்.

வரலாற்றுக்குப் பொட்டாஃபோகோ. கர்ரிஞ்சா, நில்டன் சாண்டோஸ், டிடி, ஜைர்சின்யோ எல்லோரும் அந்த ஒற்றை நட்சத்திரச் சட்டை போட்டவர்கள். ஃப்ளமெங்கோவுக்கு ஜீகோவும், லிவர்பூலை 3-0 என்று வீழ்த்திய 1981-ம் இருக்கின்றன. பல்மெய்ராஸ் 1914-ல் இத்தாலியக் குடியேறிகள் பலெஸ்ட்ரா இட்டாலியா என்ற பெயரில் தொடங்கிய கிளப். இரண்டாம் உலகப் போரில் பிரேசில் இத்தாலிக்கு எதிரணியில் நின்றபோது, 1942-ல் பெயரை மாற்றியே ஆக வேண்டியதாயிற்று. மூன்றுக்கும் சொல்லக் கதை உண்டு. கதையை வைத்து மட்டும் டீம் பிடிக்க வேண்டாம் என்பேன்.

நான் முடிவெடுத்தது ஒரே ஒரு விஷயத்தை வைத்து: சீசன் தொடங்கும்போது இருக்கும் ஆட்கள் சீசன் முடியும்போதும் இருப்பார்களா?

பிரேசில் லீக்கைத் தூரத்திலிருந்து பார்ப்பவரைச் சோர்வடைய வைப்பது கண்விழிப்பு இல்லை, இதுதான். அங்கே லீக் டிசம்பர் வரை ஓடுகிறது. ஐரோப்பாவின் பெரிய டிரான்ஸ்ஃபர் சந்தை ஜூலை, ஆகஸ்டில் திறக்கிறது. அதாவது நீங்கள் அணியைப் புரிந்துகொள்ளத் தொடங்கும் நேரத்தில், சரியாகச் சீசனின் நடுவில், நல்ல ஆட்டக்காரர்களை வாங்கிப் போய்விடுகிறார்கள். ஐரோப்பா ஆட்டக்காரர்களை எடுத்தால், வளைகுடா கிளப்கள் பயிற்சியாளர்களை எடுக்கின்றன. இரண்டுக்கும் தப்பிய பயிற்சியாளரை நாலு தோல்விக்குப் பிறகு நிர்வாகமே அனுப்பிவிடும்.

பொட்டாஃபோகோவில் இந்த நோய் முற்றிய நிலையில் தெரியும். 2023-ல் ஒரு கட்டத்தில் 13 புள்ளி முன்னிலையில் இருந்த அணி அது. ஜூன் இறுதியில் பயிற்சியாளர் லூயிஸ் காஸ்ட்ரோ சவுதியின் அல் நஸருக்குப் போனார். இடைக்கால ஏற்பாடாகக் காசாப்பா, பிறகு புருனோ லாஜே, பிறகு லூசியோ ஃப்ளாவியோ, கடைசியில் தியாகோ நூனஸ். ஒரே சீசனில் இத்தனை கை மாறியது. நவம்பர் 1 அன்று சொந்த மைதானத்தில் பல்மெய்ராஸோடு மேட்ச், நமக்கு வியாழன் காலை. இடைவேளைக்கு 3-0 என்று பொட்டாஃபோகோ முன்னிலை. 17 வயது என்ட்ரிக் தனி ஆளாகப் புகுந்து ஒன்றைத் திருப்பினான். பொட்டாஃபோகோவின் அட்ரியெல்சனுக்கு ரெட் கார்டு. அப்போதும் 3-1-தான், பொட்டாஃபோகோவுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது, போட்டிருந்தால் மேட்சும் முடிந்திருக்கும், சாம்பியன் பட்டமும் அநேகமாக முடிவாகியிருக்கும். டிக்கின்யோ சோரெஸ் அடித்ததைப் பல்மெய்ராஸ் கோல்கீப்பர் வெவெர்டன் தடுத்தார். அடுத்த நிமிடமே என்ட்ரிக் இரண்டாவது. பிறகு ஃப்ளாக்கோ லோபஸ். காயநேரத்தின் ஒன்பதாவது நிமிடத்தில் முரில்லோ. 3-4.

அந்த சீசனில் பல்மெய்ராஸ் 70 புள்ளியோடு சாம்பியன். பொட்டாஃபோகோ 64 புள்ளியோடு ஐந்தாம் இடம்.

சில விஷயங்கள் பொட்டாஃபோகோவுக்கு மட்டும்தான் நடக்கும் என்று ரியோவில் ஒரு பழைய பேச்சு உண்டு. மறு ஆண்டே அது நல்ல விதத்திலும் உண்மையானது. புதுப் பயிற்சியாளர் ஆர்துர் ஜோர்ஜேவின் கீழ் 2024 நவம்பர் 26 அன்று அலியான்ஸ் பார்க்கேவுக்கே வந்து 3-1 என்று எங்களை அடித்தார்கள். நான்கு நாள் கழித்து புவெனஸ் ஐரிஸில் லிபெர்டடோரெஸ் இறுதி. முதல் நிமிடத்திலேயே கிரெகோரேக்கு ரெட் கார்டு, மேட்ச் முழுக்கப் பத்துப் பேரோடு ஆடி அட்லெட்டிகோ மினெய்ரோவை 3-1 என்று வென்றார்கள். டிசம்பர் 8-ல் லீக் பட்டமும் வந்தது, 1995-க்குப் பிறகு முதல் முறை. எதிரணி ரசிகனாக இருந்தும் எழுந்து நின்று கைதட்டினேன்.

ஆனால் அந்த அணி என்ன ஆனது? ஆர்துர் ஜோர்ஜே கத்தாருக்கு. ஆட்டக்காரர்களில் லூயிஸ் ஹென்ரிக் ரஷ்யாவின் செனித்துக்கு. அல்மாடா பிரான்சின் லியோனுக்கு. 2025 நடுவில் இகோர் ஜீசஸ் நாட்டிங்ஹாமுக்கு. அந்த ஜூனில் கிளப் உலகக் கோப்பையில் பிஎஸ்ஜியை 1-0 என்று சாய்த்த கோல் இகோர் ஜீசஸுடையது. அந்தத் தொடரிலிருந்து வெளியேறிய கையோடு பயிற்சியாளர் ரெனாட்டோ பைவாவையும் நீக்கினார்கள். 2022-ல் வெளிநாட்டு முதலாளியின் கைக்குப் போன கிளப் அது. வாங்குவதும் வேகம், விற்பதும் வேகம். அந்த வேகத்தால்தான் 2024 சாத்தியமானது என்பதையும் மறுக்க மாட்டேன். ஆனால் தூரத்து ரசிகன் ஒவ்வொரு பிப்ரவரியிலும் புது அணி ஒன்றை அறிமுகம் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஃப்ளமெங்கோவில் நிலைமை வேறு. பணம் இருப்பதால் ஆட்டக்காரர்கள் தங்குகிறார்கள். அரஸ்காயேட்டாவும் புருனோ ஹென்ரிக்கும் 2019-ல் வந்தவர்கள், 2025 பட்டங்களிலும் இருந்தார்கள். தங்காதவர் பயிற்சியாளர். 2019-ல் ஜோர்ஜே ஜீசஸ் 90 புள்ளியோடு லீக், கூடவே லிபெர்டடோரெஸ் என்று இரண்டையும் வென்று, 2020 ஜூலையில் பென்ஃபிகாவுக்குப் போனார். அதன் பிறகு டொமெனெக் டொரென்ட், செனி, ரெனாட்டோ காவுச்சோ, பாவ்லோ சோசா, டொரிவால், விட்டோர் பெரெய்ரா, சம்பாவோலி, டிட்டே. நான்கு ஆண்டுகளுக்குள் எட்டுப் பேர். இதில் டொரிவால் 2022-ல் லிபெர்டடோரெஸும் கோப்பா டோ பிரசிலும் வென்று கொடுத்தவர். அவருடைய ஒப்பந்தத்தையே புதுப்பிக்கவில்லை! கோப்பை ஜெயித்த பயிற்சியாளருக்கே இதுதான் கதி என்றால், அங்கே எதை நம்பி ஒரு திட்டத்தைப் புரிந்துகொள்ள உட்காருவது? 2024 செப்டம்பர் கடைசியில் பொறுப்பேற்ற ஃபிலிப்பே லூயிஸ் மறு ஆண்டு லீக்கையும் லிபெர்டடோரெஸையும் சேர்த்தே வென்றார். ஆட்டத்தின் அழகில் 2025 ஃப்ளமெங்கோ மூன்று அணிகளிலும் மேல். சந்தேகமே இல்லை.

பல்மெய்ராஸ் இதற்கு நேர் தலைகீழ். ஆட்டக்காரர்கள் போவார்கள், பயிற்சியாளர் இருப்பார். போர்ச்சுகல்காரர் அபேல் ஃபெரெய்ரா 2020 இறுதியில் வந்தார். 2020, 2021 லிபெர்டடோரெஸ், 2022, 2023 லீக். 2025 முடியும்போதும் அவரே.

பயிற்சியாளர் தங்குவதால் ரசிகனுக்கு என்ன லாபம்? மேட்சைப் படிக்கக் கற்றுக்கொள்ள முடிகிறது. அபேலின் அணி பந்தை வைத்துக்கொண்டு அழகு காட்டாது. இடம் கொடுத்து, பந்தைப் பறித்து, நேராக ஓடும். கார்னரும் ஃப்ரீ கிக்கும் அதற்குப் பாதிச் சாப்பாடு. அணியில் இருந்தவரை மார்கோஸ் ரோசா கோட்டோரத்தில் பந்தைக் கையில் எடுத்தாலே பெனால்டி பெட்டிக்குள் நீளமாக எறியப் போகிறார் என்று எதிரணிக்கும் தெரிந்திருந்தது, நமக்கும் தெரிந்திருந்தது, அப்போதும் ஆபத்துதான். முதல் சில மாதங்களில் எனக்கு இது வறட்சியாகவே தெரிந்தது. ஒரு சீசன் போனதும், 60-வது நிமிடத்தில் யார் உள்ளே வருவார், எதற்காக வருவார் என்று ஊகிக்க முடிந்தது. மேட்சுக்குப் பிந்தைய செய்தியாளர் சந்திப்பை அணியின் யூடியூப் சேனலில் தானியங்கி வசன வரிகளோடு பார்த்தால், ஊகம் சரியா என்றும் தெரிந்துவிடும். மற்ற இரண்டு அணிகளில் இந்தப் பழக்கம் கைகூடுவதற்குள் ஆள் மாறிவிடுகிறார்.

ஆட்டக்காரர்கள் போவது வலிக்கவில்லையா? வலிக்கிறது. என்ட்ரிக் மாட்ரிட்டுக்கு, எஸ்டேவாவ் செல்ஸிக்கு, விட்டோர் ரெய்ஸ் மான்செஸ்டர் சிட்டிக்கு. மூவரும் இந்த அணியே வளர்த்த பிள்ளைகள். ஆனால் முதல் இருவரும் போகும் தேதி முன்கூட்டியே தெரிந்தது. என்ட்ரிக்கின் ஒப்பந்தம் 2022 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது, கிளம்பியது 2024 ஜூலையில். ஒன்றரை ஆண்டு, இவன் நம்மோடு இருப்பது இவ்வளவு காலம்தான் என்று தெரிந்தே பார்த்தோம். எஸ்டேவாவ் தன் கடைசி மேட்சை ஆடியது தன்னை ஏற்கெனவே வாங்கிவிட்ட செல்ஸிக்கு எதிராகவே, 2025 ஜூலை 4-ல், கிளப் உலகக் கோப்பைக் காலிறுதியில். பல்மெய்ராஸின் ஒரே கோல் அவனுடையது. 1-2 என்று தோற்றோம்.

இதெல்லாம் வெற்றியின்போது சொல்ல எளிது. சோதனை 2025-ல் வந்தது. மாநில இறுதியில் கொரிந்தியன்ஸிடம் தோல்வி. ஆகஸ்டில் கோப்பா டோ பிரசிலிலிருந்தும் அதே கொரிந்தியன்ஸ் வெளியேற்றியது. சொந்த ரசிகர்களே அபேலுக்கு எதிராகக் கூச்சலிட்டார்கள். வேறு கிளப்பாக இருந்தால் அந்த இரவே புதுப் பெயர்கள் அடிபடத் தொடங்கியிருக்கும். தலைவர் லெய்லா பெரெய்ரா அசையவில்லை. அக்டோபரில் லிபெர்டடோரெஸ் அரையிறுதி, கீட்டோவில் ஈக்வடார் அணியான எல்டியூவிடம் 0-3. ஒரு வாரம் கழித்து அலியான்ஸ் பார்க்கேவில் இடைவேளைக்கே 2-0. பிறகு ரஃபாயேல் வெய்காவின் இரண்டு கோல்கள், மொத்தம் 4-0. ஆகஸ்டில் ஆளை மாற்றியிருந்தால் அந்த இரவு வந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம். நவம்பர் 29 லீமா இறுதியில் டானிலோவின் தலைக்கோலால் ஃப்ளமெங்கோ 1-0 என்று வென்றது. லீக்கிலும் அவர்கள் 79, நாங்கள் 76. கோப்பை எதுவும் இல்லாத அந்த ஆண்டுக்குப் பிறகும் என் பரிந்துரை மாறவில்லை.

கோப்பையும் நிறைந்த மைதானமும் முக்கியம் என்பவர் ஃப்ளமெங்கோவை எடுத்துக்கொள்ளலாம், ஏமாற மாட்டார். ஒரே ஆண்டில் உச்சியையும் பள்ளத்தையும் பார்க்கும் மனத்திடம் உள்ளவருக்குப் பொட்டாஃபோகோ. வாரம் ஒரு மேட்ச், அதிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டத்தைப் புரிந்துகொள்ள விரும்புகிறவருக்குப் பல்மெய்ராஸ். ஆனால் அபேல் போன பிறகும் இந்த அணி இப்படியே இருக்குமா என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது. என் வாதம் முழுவதும் ஒரு மனிதர் தங்குவதை நம்பி நிற்கிறது.

எந்த அணியானாலும் எப்போது தொடங்குவது என்பதில் ஒரு மாற்றம். முன்பெல்லாம் ஜனவரி முதல் மாநிலத் தொடர், ஏப்ரல் வாக்கில்தான் லீக். 2026-லிருந்து மாநிலத் தொடர்களை 11 தேதிகளுக்குச் சுருக்கி, லீக்கை ஜனவரி கடைசியிலேயே தொடங்கிவிட்டார்கள். அதனால் ஏப்ரலில் சேர்ந்துகொள்ளலாம் என்று இருக்க வேண்டாம், புத்தாண்டு முடிந்ததுமே அட்டவணையை எடுத்து, நள்ளிரவு 12.30 மேட்சுகளையும் காலை 6 மணி மேட்சுகளையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.