அப்பா கொண்டுவந்த பட்டாளத்துச் சாமான்: 28 வருடம் புழங்கிய பிறகு

மிலிட்டரிக்காரர் வீட்டுப் பரணில் ஒரு கறுப்பு இரும்புப் பெட்டி இருக்கும். அவர் இருக்கும்வரை யாரும் அதைத் தொடமாட்டார்கள். அவர் போனபிறகு என்ன செய்வதென்று தெரியாமல் பழைய இரும்புக்காரரிடம் தள்ளிவிடுவார்கள். போன மாதம் எங்கள் தெருவில் ஒரு பெட்டி அப்படித்தான் கிலோ கணக்கில் போனது. மனசு கேட்கவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் ஊர் ஒரத்தநாடு பக்கம். அப்பா 1996-இல் மெட்ராஸ் ரெஜிமென்டிலிருந்து ஹவில்தாராக ஓய்வுபெற்று வந்தார். ஸ்டோரில் ஒப்படைக்க வேண்டியதை ஒப்படைத்து, கிளியரன்ஸ் வாங்கியபிறகு அவர் கையில் மிஞ்சியவை ஒரு பெட்டி, இரண்டு கம்பளி, ஒரு கிரவுண்ட் ஷீட், கொசுவலை, மெஸ் டின் என்கிற சாப்பாட்டுத் தகரப் பாத்திரம், இரண்டு ஜோடி பூட்ஸ், கொஞ்சம் உடுப்பு. அவர் எதையும் காட்சிக்கு வைக்கவில்லை. வந்த வாரமே கொசுவலையைக் கட்டிப் படுத்தார்.

அதிகம் உழைத்தது கிரவுண்ட் ஷீட். துணியில் ரப்பர் பூசியது, ஓரத்தில் கயிறு கோக்கப் பித்தளைக் கண்கள் இருக்கும். ஒரு ஆள் படுக்கும் அளவுதான். சம்பா அறுத்து, தை, மாசியில் கொள்முதல் நிலையத்து வாசலில் நெல்லோடு காத்துக் கிடப்பது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் சிக்கல். பகலெல்லாம் காயவைத்த நெல் ஒரு ராத்திரிப் பனியில் திரும்ப ஈரமாகும். குவியலை மூட இந்த ஷீட் போதாது, அதற்குத் தார்ப்பாய்தான். ஆனால் தரையிலிருந்து ஏறும் ஈரத்தை இதைப்போல எதுவும் தடுத்ததில்லை. கீழே ஷீட், மேலே கம்பளி என்று ஆறு ராத்திரி படுத்திருக்கிறேன். முதுகில் ஈரம் பட்டதில்லை. கடையில் வாங்கிய தார்ப்பாய்கள் இரண்டு போகத்துக்கு மேல் வந்ததில்லை.

அதைப் பாழாக்கப் பார்த்ததும் நான்தான். ஒரு கோடையில் மடித்து, தகரக் கொட்டகைப் பரணில் போட்டுவிட்டேன். ஆடியில் எடுத்தால் மடிப்புக்கு மடிப்பு ரப்பர் ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தேன், உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு உரிந்து துணி தெரிந்தது. அப்பா திட்டவில்லை. முகத்துக்குப் போடும் பவுடரைக் கொட்டித் தேய்த்து, மடிக்காமல் சுருட்டி, வீட்டுக்குள் நிழலில் நிறுத்தினார். அன்றிலிருந்து அதுதான் வழக்கம்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வந்தபோது எங்கள் வீட்டு ஓடு பாதி பறந்தது. தென்னை சாய்ந்து திண்ணை போனது. அப்பாவும் நானும் மழையில் ஏறி, படுக்கையறையில் ஒரு மூலைக்கு மேலே ஷீட்டை விரித்துக் கயிற்றால் கட்டினோம். கண்ணில் கோத்த கயிறு காற்றில் விண்விண்ணென்று அதிர்ந்தது, ஒன்றுகூடப் பிய்யவில்லை. அதற்கடியில் இரும்புப் பெட்டி. நிலப் பத்திரமும் ரேஷன் கார்டும் நனையாமல் இருந்ததற்கு அந்தப் பெட்டிதான் காரணம். கரண்டு வர வாரக்கணக்கில் ஆனது. அந்த நாட்களில் கொசுவலையை நம்பித்தான் குழந்தைகள் தூங்கினார்கள்.

பூட்ஸைப் பற்றி ஆசைப்பட்டுக் கேட்பவர்கள் உண்டு. நம் வயலுக்கு அது ஆகாது. சேற்றில் இறங்கினால் தோல் தண்ணீர் குடித்துக் கல்லாய்க் கனக்கும், காய்வதற்குள் பூஞ்சை பிடிக்கும். அடிப்பாகம் மேல்தோலோடு சேர்த்து வார்த்தது என்பதால், விட்டுப்போனால் தைத்துக் கொடுக்க ஆளில்லை. ஆனால் ராத்திரி மோட்டார் கொட்டகைக்கு வரப்பில் நடக்க அதற்கு ஈடில்லை. கண்ணாடிவிரியன் நடமாடும் வரப்பில் கணுக்கால் மூடியிருப்பது பெரிய தைரியம். ஒரு ஜோடி ஒன்பது வருடம் வந்தது.

கம்பளியைப் பூச்சி அரிக்கும். சித்திரை வெயிலில் இரண்டு நாள் காயவைத்து, வசம்பும் வேப்பிலையும் போட்டு வையுங்கள். மெஸ் டின் இன்னும் அடுப்படியில் இருக்கிறது.

இனி உடுப்பு. இதில் அப்பா கறாரானவர். பழைய பச்சைக் கால்சட்டையை வயலுக்குப் போட்டார், ஆனால் சட்டையில் இருந்த பதவிப் பட்டையையும் தோளில் இருந்த ரெஜிமென்ட் எழுத்தையும் பிரித்து எடுத்த பிறகுதான் அதைத் தொட்டார். சித்தப்பா மகன் முழு செட்டாகக் கேட்டபோது, "அது துணி இல்லப்பா, அடையாளம்" என்று மறுத்துவிட்டார். எனக்கு அப்போது அது கஞ்சத்தனமாகப் பட்டது. 2016 ஜனவரியில் பதான்கோட் விமானப்படைத் தளத்தைத் தாக்கியவர்கள் ராணுவ உடுப்பில் வந்தார்கள் என்று டிவியில் சொன்னபோது அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. படைவீரன் என்று நம்பவைக்கும் நோக்கத்தோடு அந்த உடுப்பைப் போடுவது குற்றம். இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 168-வது பிரிவு, மூன்று மாதம்வரை சிறை உண்டு. அதனால் பழைய துணிக் கடையில் போடாதீர்கள். வைக்க இடமில்லை என்றால் பட்டை, பொத்தான், எழுத்து எல்லாவற்றையும் நீக்கிவிட்டுத் துணியை வெட்டிப் பயன்படுத்துங்கள். சோளக்கொல்லைப் பொம்மைக்கு மட்டும் மாட்டாதீர்கள், அதை என்னால் பார்க்க முடியாது.

பெட்டியைத் திறக்கும்போது தோட்டா ஏதாவது கிடந்தால் கையில் எடுக்காமல் காவல் நிலையத்துக்குச் சொல்லிவிடுங்கள். உரிமம் இல்லாமல் ஒரு தோட்டா வைத்திருந்தாலும் 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தில் வழக்கு வரும். மெடல்களை எடைக்குப் போடுவதில் காசும் இல்லை. அப்பாவுடையது வெள்ளி இல்லை, செம்பும் நிக்கலும் கலந்தது. ஆனால் விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் அவருடைய நம்பரும் பெயரும் பொறித்திருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பெட்டியின் அடியில் கிடக்கும் காகிதம். 2021-இல் அப்பா தவறியபிறகு, அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்துக்காக டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பென்ஷன் ஆணையையும் வீடெல்லாம் தேடினோம். கம்பளிக்கு அடியில், பிளாஸ்டிக் உறையில், ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார். அது இரும்புக்காரரிடம் போயிருந்தால் அம்மா எத்தனை படி ஏறி இறங்கியிருக்க வேண்டும்! என்ன தாள் வேண்டும் என்று தெரியாதவர்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்கலாம்.

பெட்டி இப்போது என் தங்கை மகனோடு ஹாஸ்டலுக்குப் போகிறது. அடியில் துரு ஏறியிருந்தது, சுரண்டி ரெட் ஆக்சைடு அடித்தேன். நீலகிரி வெலிங்டனில் இருக்கும் ரெஜிமென்ட் மையத்தில் வெள்ளை பெயின்டில் எழுதிய நம்பரையும் யூனிட் பெயரையும் கறுப்படித்து மறைத்தேன், வெளியாள் கைக்குப் போகும் எதிலும் அவை தெரியக் கூடாது. கிரவுண்ட் ஷீட் என்னிடம்தான். உரிந்த இடத்தில் சைக்கிள் கடை டியூப் ஒட்டு போட்டிருக்கிறேன், ஒரு சம்பா தாங்கியிருக்கிறது.