ஆய்வகமா, வீட்டிலிருந்து எழுத்தா?

என் தங்கை குழித்துறையிலிருந்து தினமும் ரயிலேறித் திருவனந்தபுரம் போய் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். நான் தக்கலையில் வீட்டிலிருந்தே கதை எழுதுகிறேன், மொழிபெயர்க்கிறேன். இருவருக்கும் கைக்குழந்தை. "ஆய்வை விட்டுவிட்டு உன்னைப்போல் வீட்டிலிருந்து வேலை பார்க்கட்டுமா, அக்கா?" என்று போன வாரம் கேட்டாள்.

அவளுக்குச் சட்ட விதியின் துணை இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைப்படி, ஆய்வு மாணவிகள் மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்காக 240 நாள் வரை விடுப்பு எடுக்கலாம்; ஆய்வை முடிக்கும் கால வரம்பிலும் இரண்டு ஆண்டு தளர்வு உண்டு. ஆனால் ஆய்வகத்தில் அவள் வளர்க்கும் செல்கள் குழந்தையின் காய்ச்சலுக்காகக் காத்திருப்பதில்லை. ஒருமுறை இரண்டு நாள் போக முடியாமல், மூன்று வார உழைப்பு வீணானது.

2017 மகப்பேறு நலத் திருத்தச் சட்டம் கொண்டுவந்த 26 வார ஊதிய விடுப்பு, நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்களுக்குத்தான். பக்கக் கணக்கில் பணம் வாங்கும் எனக்கு அது கிடையாது. நேரம் என் கையில் என்கிறார்கள். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு வாக்கியம் தொடங்கினேன். கேஸ் சிலிண்டர் வந்தது. மரச்சீனிக் கிழங்கை அடுப்பில் ஏற்றினேன். மாமாவுக்கு மாத்திரை கொடுத்தேன், குழந்தையைத் தூங்கவைத்தேன். மூன்று மணிக்கும் அதே பாதி வாக்கியம்தான். என் கணவர் மடிக்கணினியைத் திறந்தால் கதவைச் சாத்திக் கொடுக்கும் வீடு இது.

விடாதே என்றேன். எழுதிவைத்த உரிமையைக் கேட்டு வாங்கலாம்; வீட்டில் யாரிடம் விண்ணப்பம் கொடுப்பது? அவள் கணவரிடமும் பேசினேன். வாரத்தில் இரண்டு நாள் குழந்தையை அவர் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.