இரண்டாவது சிலிண்டரா, விறகடுப்பா?

இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைத்த 2022 ஏப்ரலில், 12.5 கிலோ எரிவாயு சிலிண்டரின் விலை 2,675 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 4,860 ரூபாய்க்கு ஏறியது. அந்த விலைக்கும் அது கிடைக்காமல் வரிசையில் நின்றவர்கள் பலர்; மின்வெட்டு நீண்டதால் மின்னடுப்பும் கைகொடுக்கவில்லை.

அப்படியொரு நிலை மீண்டும் வந்தால் சமைப்பதற்கு எதை முன்கூட்டியே தயாராக வைத்திருப்பது? நிரப்பி வைத்த இரண்டாவது சிலிண்டர் கெட்டுப்போவதில்லை, புகைவதில்லை, பாலுக்கும் மருந்துக்கஞ்சிக்கும் உடனே உதவுகிறது. ஆயினும் அது சில வாரங்களுக்கான அவகாசம் மட்டுமே.

விறகடுப்போ, சிரட்டை, பொச்சுமட்டை, பனைமட்டை ஆகியவை வளவிலேயே கிடைக்கும் வீட்டில், இறக்குமதியையும் டொலரையும் நம்பாமல் மாதக்கணக்கில் எரியக்கூடியது. வடகீழ்ப் பருவமழைக்கு முன்பே விறகைக் காயவைத்துக் கூரைக்கடியில் அடுக்காதவர்களுக்கு அது புகையை மட்டுமே தரும் என்பதையும், அந்தப் புகை பெரும்பாலும் பெண்களின் நுரையீரலுக்கே போகிறது என்பதையும் மறைக்கக் கூடாது. புகைபோக்கிக்கான செலவைத் தவிர்க்க வேண்டாம்.

வளவுள்ள வீட்டுக்கு விறகடுப்பையே பரிந்துரைப்பேன். கொழும்பின் அடுக்குமாடியில் வாழ்பவருக்குச் சிலிண்டரே வழி. மூடிய அறைக்குள் கரியோ விறகோ எரிப்பது உயிரைப் பறிக்கும்.