எல்எஸ்-டைனாவில் 11 வருடம்: பிரஸ்ஸில் அடித்த தகட்டை மோதவிட்டுக் கற்றவை

எல்எஸ்-டைனா என்ற சிமுலேஷன் மென்பொருளில் கார் பாகங்களை மோதவிட்டுப் பார்ப்பதுதான் 11 வருடமாக என் வேலை. முன்பக்க ரெயில் (காரின் நீளவாட்டில் ஓடும் சட்டம்), மோதலில் நசுங்குவதற்கென்றே அதன் நுனியில் வரும் கிராஷ் பாக்ஸ், பி-பில்லர் (முன், பின் கதவுகளுக்கு நடுவில் உள்ள தூண்) என்று நான் தொடுகிற பாகங்கள் எல்லாமே பிரஸ்ஸில் அடித்த தகடுகள். புதிதாக வருகிறவர்கள் எலிமென்ட் (கணக்கிடுவதற்காகப் பாகத்தைப் பிரிக்கும் சிறு துண்டு) என்ன சைஸ், எந்த மெட்டீரியல் கார்டு (உலோகத்தின் பண்புகளைத் தரும் உள்ளீடு) என்று கேட்பார்கள். பிரஸ்ஸுக்குள் அந்தத் தகடு என்ன பாடுபட்டது என்று கேட்கிறவர்கள் குறைவு. மூன்றாவது வருடம் வரை நானும் கேட்டதில்லை.

அந்த வருடம் டிபி600 என்ற வலிமை கூடிய எஃகில் 1.6 மி.மீ. கனத்தில் ஒரு கிராஷ் பாக்ஸ் வந்தது. எல்லா இடத்திலும் 1.6 என்று கொடுத்து, காயிலிலிருந்து (பிரஸ்ஸுக்குப் போகும் முன் சுருளாக இருக்கும் தகடு) எடுத்த இழுவிசைச் சோதனை வளைவைப் போட்டு ஓட்டினேன். சோதனையில் பாகம் என் கணக்கைவிடக் குறைவாக நசுங்கியது. முதல் மடிப்பும் வேறு இடத்தில் விழுந்தது. கிராஷ் பாக்ஸ் போதுமான அளவு நசுங்காவிட்டால், அது வாங்க வேண்டிய அடி பின்னால் உள்ள ரெயிலுக்குப் போய்விடும். அதனால் இதைச் சின்ன வித்தியாசம் என்று விட முடியவில்லை. இரண்டு வாரம் உராய்வு, ஸ்பாட் வெல்டு, மெஷ் (எலிமென்ட்களின் வலை) என்று மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் டை ஷாப்பில் (பிரஸ் அச்சுகளைக் கவனிக்கும் பட்டறை) இருந்த அண்ணன் ஒருவர் ஒரு பாகத்தைக் குறுக்கே அறுத்து, மூலையில் மைக்ரோமீட்டரை வைத்துக் காட்டினார். 1.35.

"தம்பி, நீங்க கம்ப்யூட்டர்ல வச்சிருக்கிறது காயில்ல இருக்கிற தகடு. நான் அடிச்சுக் கொடுத்தது அது இல்ல."

உடனே போய்க் கனத்தை மட்டும் திருத்தி ஓட்டினேன். கணக்கு சோதனையை விட்டு இன்னும் தள்ளிப் போனது. நான் இதில் அதிகம் கற்றது அந்த ரன்னில்தான். வளைத்து இழுக்கும்போது தகடு மெலிகிறது, கூடவே இறுகவும் செய்கிறது. டிபி600-இல் உள்ள 600 என்பது மெகாபாஸ்கலில் அதன் குறைந்தபட்ச இழுவலிமை. ஆனால் காயிலில் இருக்கும்போது அது அதைவிட மிகக் குறைந்த தகைவிலேயே நெகிழத் தொடங்கிவிடும். பிரஸ்ஸில் சில சதவீதம் நீண்டாலே நெகிழ்வு எல்லை வெகுவாக ஏறிவிடும். பிறகு பெயின்ட் அடுப்பில் ஏறத்தாழ 170 டிகிரியில் 20 நிமிடம் வேகும்போது இன்னும் கொஞ்சம் ஏறும். நெடுவாக்கில் நசுங்கும் பெட்டியில் சுமையின் பெரும்பங்கைத் தாங்குவது மூலைகள்தான். அதிகமாக மெலிவதும் இறுகுவதும் அங்கேதான். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது மடிப்பு சரியான இடத்துக்கு வந்தது, நசுங்கிய நீளமும் சோதனையை நெருங்கியது.

பிரஸ் சிமுலேஷனின் நுண்ணிய மெஷ்ஷையே மோதலுக்கும் வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். முடியாது. எஃகில் ஒலி நொடிக்குச் சுமார் 5 கி.மீ. ஓடுகிறது. 5 மி.மீ. எலிமென்டைக் கடக்க அதற்கு 1 மைக்ரோ நொடி ஆகும், டைம் ஸ்டெப்பும் (கணக்கு ஒரு படியில் முன்னேறும் நேரம்) அந்த அளவில்தான் இருக்க முடியும். 120 மில்லி நொடி மோதலுக்கு 1.2 லட்சம் படிகள். எலிமென்ட் 1 மி.மீ. ஆனால் அதே மோதலுக்கு 6 லட்சம், எலிமென்ட் எண்ணிக்கை தனியாகக் கூடும். அதனால் மேப்பிங், அதாவது பிரஸ் சிமுலேஷனின் முடிவுகளை மோதல் மெஷ்ஷுக்கு மாற்றுவது, செய்தே ஆக வேண்டும். எல்எஸ்-டைனாவில் இதற்கு 'இன்க்ளூட் ஸ்டாம்ப்டு பார்ட்' என்ற கட்டளை இருக்கிறது. இரு மாடல்களிலும் மும்மூன்று நோடுகளை (எலிமென்ட்களின் மூலைப் புள்ளிகள்) காட்டினால், பாகத்தைத் திருப்பி ஒட்டி, கனத்தையும் பிளாஸ்டிக் திரிபையும் (தகட்டில் நிலைத்துவிட்ட உருமாற்றம்; இறுக்கம் இதிலிருந்துதான் வரும்) மாற்றிக் கொடுத்துவிடும். இடப் பாகத்தின் முடிவை வலப் பாகத்துக்குப் பிரதிபலிக்கவும் வைக்கலாம். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்த வசதிதான். எஞ்சிய தகைவை மட்டும் நான் மேப் செய்வதில்லை. ஸ்பிரிங்பேக் (அச்சிலிருந்து எடுத்ததும் தகடு கொஞ்சம் மீள்வது) கணக்கை முடிக்காத தகைவைக் கொண்டுவந்தால், மோதலுக்கு முன்பே பாகம் தானாக அசையத் தொடங்கும்.

டை வடிவமைப்பே தயாராகாத நாட்களில் ஒன்-ஸ்டெப் சால்வர் கைகொடுக்கும். இறுதி வடிவத்தை வைத்தே சில நிமிடங்களில் கனத்தையும் திரிபையும் மதிப்பிட்டுவிடும். ஆழம் குறைந்த பாகங்களுக்கு அது போதும் என்பது என் அனுபவம். டையின் வளைந்த விளிம்பில் வளைந்து நிமிர்ந்து வந்த பக்கச்சுவர்களில் அதை நம்ப மாட்டேன். தகடு வந்த வழி அதற்குத் தெரியாது.

ஹாட் ஸ்டாம்பிங் பி-பில்லருக்கு இந்தக் கவலை பெரிதாக இல்லை. சூட்டில் வளைந்த தகடு அச்சுக்குள்ளேயே குளிர்ந்து மார்டென்சைட் என்ற மிகக் கடினமான நிலைக்கு மாறும்போது முந்தைய இறுக்கம் பெரும்பாலும் அழிந்துபோகிறது. அங்கே கனத்தை மட்டும் மேப் செய்கிறேன்.

இன்னொன்று, திரிபு வேகம். வேகமாக உருமாறும்போது எஃகு கூடுதல் வலிமை காட்டும்; அதைக் கணக்கில் சேர்ப்பதற்கான சூத்திரம் கவுப்பர்-சைமண்ட்ஸ். சாதாரண மென் எஃகுக்கான கவுப்பர்-சைமண்ட்ஸ் மாறிலிகளான 40.4, 5 இரண்டையும் டிபி எஃகுக்கும் அப்படியே போட்டு நான் ஏமாந்திருக்கிறேன். வலிமை கூடிய எஃகில் வேகத்தின் தாக்கம் அவ்வளவு இருக்காது. பாகம் கணினியில் மட்டும் உறுதியாகத் தெரியும்.

இப்போதெல்லாம் சோதனைக்குப் போகும் லாட்டிலிருந்து ஒரு பாகத்தைக் கூடுதலாகக் கேட்டு வாங்கிவிடுகிறேன். மூலையில் அறுத்து அளந்து, மேப் செய்த கனத்தோடு ஒத்துப்பார்த்த பிறகுதான் ரன் போடுகிறேன்.