எரிபொருள் கெமிஸ்ட்ரி கிட்: சாமான் சரி, மேனுவல் தான் சொதப்பல்

"படிம எரிபொருளும் எரிதலும்"னு மூடி மேல பெருசா எழுதியிருக்குற ஒரு கெமிஸ்ட்ரி கிட் வாங்கி ஒரு மாசம் ஆச்சு. ஒம்பதாவது படிக்கிற பொண்ணுக்குன்னு தான் வாங்கினேன், ஆனா உண்மைய சொல்லணும்னா பாதி நாள் நான் தான் அத கட்டிட்டு அழுதேன். கம்பெனி பேரு வேணாம், திட்டவும் போறேன் பாராட்டவும் போறேன். அஞ்சுக்கு மூணரை குடுப்பேன், அந்த ஒன்றரை போனது முழுக்க மேனுவலால.

மூடியிலயே ஆரம்பிச்சுட்டாங்க. ஒரு டைனோசர் படம், அது காலுக்குக் கீழ கருப்பா எண்ணெய். டைனோசர் செத்து பெட்ரோல் ஆச்சுன்னு எத்தனை வருஷமா தான் சொல்லிட்டே இருப்பாங்களோ. பெட்ரோலியம் பெரும்பாலும் பழைய கடல்ல மிதந்த நுண்ணுயிரும் பாசியும் செத்து அடியில படிஞ்சு, மேல சேறு மூடி, சூட்டுலயும் அழுத்தத்துலயும் லட்சக்கணக்கான கோடிக்கணக்கான வருஷம் கெடந்து உண்டானது. நிலக்கரி சதுப்பு நிலத்துக் காட்டுல விழுந்த செடி கொடி மரம், அதுல பெரும் பங்கு சுமார் 30 கோடி வருஷத்துக்கு முந்தினது, அப்போ டைனோசர்னு ஒண்ணு பொறக்கவே இல்ல.

சரி உள்ள என்ன இருக்கு. மெழுகுவர்த்தி, சின்ன ஸ்பிரிட் லேம்ப், ரெண்டு கண்ணாடி ஜாடி, கைப்பிடி நீளமான ஒரு ஸ்பூன், சுண்ணாம்புத் தூள், அமிலம் பட்டா சிவப்பாகுற நீல லிட்மஸ் பேப்பர், கோபால்ட் குளோரைடு பேப்பர், கந்தகத் தூள் ஒரு பொட்டலம், அப்புறம் மணியும் குச்சியும் வச்சு மூலக்கூறு செய்யிற செட். கண்ணாடி நல்ல கனம், சூடு தாங்குது, ஒரு மாசத்துல ஒண்ணும் விரிசல் விடல. கோபால்ட் பேப்பர் மட்டும் நீலமா இருக்க வேண்டியது கவர் பிரிக்கும்போதே ரோஸ் கலர்ல இருந்துச்சு, ஈரக்காத்து பட்டிருக்கு. திருப்பி அனுப்பிடாதீங்க, லேம்ப் பக்கத்துல தூரமா புடிச்சு லேசா சூடு காட்டினா நீலமாயிடும். தொட்ட கைய கழுவணும், அது வாய்க்குள்ள போகக் கூடாத சாமான், மேனுவல் இதை சொல்லவே இல்ல.

முதல் சோதனை நல்லா வந்துச்சு. ஜில்லுனு இருக்குற ஜாடிய தீபத்துக்கு மேல கவுத்துப் புடிச்சா உள்பக்கம் பனி மாதிரி படியுது, அதுல அந்த பேப்பர தேச்சா ரோஸ். "நெருப்புல இருந்து தண்ணியா?"ன்னு பொண்ணு ரெண்டு தடவ செஞ்சு பாத்தா. மெழுகே பெட்ரோலியத்துல இருந்து வர்ற ஹைட்ரோகார்பன், அதாவது கார்பனும் ஹைட்ரஜனும் சேந்தது தானே, அதுல இருக்குற ஹைட்ரஜன் தான் தண்ணியாகுது. அடுத்து ஸ்பூன மஞ்சள் தீபத்துக்குள்ள விட்டா நொடியில கரி அப்பிக்கிச்சு, ஸ்பிரிட் லேம்ப்போட வெளிர் நீல தீபத்துல விட்டா ஒண்ணுமே படியல. தீபத்தோட மஞ்சள் வெளிச்சமே எரிஞ்சு முடியாத கார்பன் துகள் தகதகக்குறது தான்னு சொன்னா பாடத்துல படிச்சதா தலையாட்டுவாங்க, ஸ்பூன்ல பாத்தா தான் மண்டையில ஏறுது.

இப்போ மணி செட். இத தான் நான் மொதல்ல திட்டினேன், கடைசியில கிட்லயே பெஸ்ட் இது தான். கருப்பு கார்பன் 4, வெள்ளை ஹைட்ரஜன் 8, சிவப்பு ஆக்சிஜன் 8. மேனுவல்ல மீத்தேன் மட்டும் தான் போட்டிருக்கு, ஒரு கருப்புல நாலு வெள்ளை, கூட நாலு சிவப்பு, பிரிச்சு மாத்திக் கோத்தா ஒரு கார்பன் டை ஆக்சைடு ரெண்டு தண்ணி, அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுது. நான் சும்மா இருக்காம "சிலிண்டர் கேஸ்ல இருக்குற புரொப்பேன் செஞ்சு எரி பாப்போம்"னேன். மூணு கருப்பு எட்டு வெள்ளை கோத்தா, பிரிச்சா, நாலு தண்ணி செஞ்சா, அதுக்கே நாலு சிவப்பு போச்சு. மிச்ச நாலு சிவப்ப வச்சு ரெண்டு கார்பன் டை ஆக்சைடு. ஒரு கருப்பு மணி மட்டும் தனியா மேஜையில உருளுது.

"அம்மா, சிவப்பு பத்தலம்மா, ஏமாத்திட்டாங்க."

முழுசா எரிய பத்து சிவப்பு வேணும், குடுத்தது எட்டு. நானும் கடுப்பாகி கம்ப்ளைன்ட் எழுத போன எடுத்துட்டேன், அப்புறம் தான் உறைச்சுது, அந்த தனி கருப்பு மணி தானே ஸ்பூன்ல அப்பின கரி! வேற மாதிரி பங்கு போடுன்னேன், கொஞ்ச நேரம் முறைச்சு பாத்துட்டு ஒரு கார்பன் டை ஆக்சைடு, ரெண்டு கார்பன் மோனாக்சைடுன்னு வச்சா, கணக்கு சரியா வந்துடுச்சு, புரொப்பேனுக்கு எடுத்த மணியில ஒண்ணு கூட மிச்சமில்ல. ஆக்சிஜன் பத்தாம எரியறதுன்னா இவ்ளோ தான், விஷவாயு எங்கிருந்தோ வரல, ரெண்டு சிவப்பு மணி குறைஞ்சதுல வந்துச்சு. அந்த வாயுவுக்கு நிறமும் இல்ல வாசனையும் இல்ல, ரத்தத்துல இருக்குற ஹீமோகுளோபின்ல ஆக்சிஜன விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கும். மூடின ரூம்ல கரி மூட்டக் கூடாது, ஜெனரேட்டர் ஓட்டக் கூடாதுன்னு சொல்றதுக்கு காரணம் இது தான். கேஸ் லீக்குக்கு ஒரு நாத்தம் வருதே அதே மாதிரி இதுக்கும் வரும்னு நெனைக்காதீங்க, கேஸுக்கே அந்த நாத்தம் சொந்தம் கெடையாது, மெர்காப்டன்னு ஒண்ண வேணும்னே கலக்குறாங்க.

அதே மணிய வச்சு இன்னொரு சந்தேகமும் தீர்ந்துச்சு. ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ தான் இருக்கும், எரிஞ்சா 2 கிலோவுக்கு மேல கார்பன் டை ஆக்சைடு வரும்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க, என் வீட்டுக்காரரே நம்பல. ஒரு கருப்புக்கு எடை 12, அதுல ஒட்டுற ரெண்டு சிவப்புக்கு 32, மொத்தம் 44. அதிகமான எடை காத்துல இருந்து வந்துச்சு.

மேனுவல் மேல எனக்கு உண்மையான கோவம் வந்தது அந்த ஜாடி சோதனையில. தட்டுல தண்ணி, நடுவுல மெழுகுவர்த்தி, மேல ஜாடி கவுக்கணும், அணைஞ்சதும் தண்ணி ஜாடிக்குள்ள ஏறும். எல்லாரும் செஞ்சிருப்போம். மேனுவல் சொல்லுது "காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், அது தீர்ந்ததால் தண்ணீர் ஐந்தில் ஒரு பங்கு ஏறியது." தப்பு! எப்போ ஏறுதுன்னு மட்டும் கவனிச்சு பாருங்க. எரியிற வரைக்கும் பெருசா ஏறாது, சில சமயம் ஜாடி ஓரத்துல குமிழி கூட வெளிய போகும், அணைஞ்ச பெறகு தான் சர்ருனு ஏறும். தீபம் சூடாக்கின காத்து விரிஞ்சு கொஞ்சம் வெளிய போயிடுது, மிச்சம் ஆறும்போது சுருங்குது, தண்ணி ஏறுது, முக்கியமான காரணம் இது. ஆக்சிஜன் தீரவும் இல்ல, 21 சதவீதம் இருந்தது சுமார் 16 ஆனாலே மெழுகுவர்த்தி அணைஞ்சுடும், போன ஆக்சிஜனுக்கு பதிலா கார்பன் டை ஆக்சைடும் உள்ள வந்துடுது. மூணு மெழுகுவர்த்தி வச்சு செஞ்சோம், அதே ஜாடி, தண்ணி இன்னும் மேல ஏறிடுச்சு. ஆக்சிஜன் மூணு மடங்காவா ஆச்சு? பொண்ணு மேனுவல்ல அந்த பக்கத்துல பென்சிலால பெருக்கல் குறி போட்டுட்டா.

கந்தகம் பத்தி ஒரு எச்சரிக்கை. வெட்டவெளியில மட்டும், பெரியவங்க கையால மட்டும், துளி எடுத்தா போதும். அழகான நீல தீபம், ஆனா வர்ற சல்ஃபர் டை ஆக்சைடு தொண்டைய புடிக்கும், இழுப்பு இருக்குறவங்க வீட்டுல இத தொடவே வேணாம். நனைச்ச நீல லிட்மஸ் சிவப்பாகுறத பாத்துட்டா அமில மழை புரிஞ்சுடும், நிலக்கரியில கந்தகம் இருக்குறதால தான் இவ்வளவும். 1952 டிசம்பர்ல லண்டன்ல நிலக்கரிப் புகை பனியோட சேந்து அஞ்சு நாள் கலையாம நின்னு ஆயிரக்கணக்குல ஜனம் செத்தது இதே வாயுவும் கரியும் சேந்து பண்ணின வேலை. மேனுவல்ல இதுக்கு ரெண்டே வரி.

கடைசியா சுண்ணாம்பு நீர். ஊதினா மூச்சுல இருக்குற கார்பன் டை ஆக்சைடால பால் மாதிரி ஆகும், விடாம ஊதினா திரும்ப தெளியும், அந்த ரெண்டாவது பாதிய மேனுவல் விட்டுடுச்சு. கிட்ல குடுத்த பாட்டில் மூடி இறுக்கமா இல்ல, ஒரு ராத்திரி திறந்தாப்புல கெடந்து காலைல மேல மெல்லிசா வெள்ளை ஆடை. "யாரு ஊதினா?"ன்னு கேட்டா. யாரும் ஊதல, ரூம் காத்துல இருக்குற கார்பன் டை ஆக்சைடே போதும். 1958ல ஹவாய் தீவுல இருக்குற மௌனா லோவா மலையில அத அளக்க ஆரம்பிச்சப்போ பத்து லட்சத்துல 315 பங்கு, இப்போ 420ஐ தாண்டியாச்சு. வாங்குறவங்க தூள கரைச்ச உடனே வேற நல்ல மூடி போட்ட பாட்டில்ல மாத்திடுங்க. நாங்க மாத்தல, பொண்ணு விடல, அந்த ஆடை நாளைக்கு எவ்ளோ தடிமன் ஆகுதுன்னு பாக்கணுமாம்.