கேமரா இன்குபேட்டரா, சாதா இன்குபேட்டரா? தங்கச்சிக்காகப் படித்துப் பார்த்தது

தங்கச்சிக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகிறது. "விசேஷம் ஏதும் உண்டா?" என்ற கேள்விக்குப் பயந்தே சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குக்கூட வராமல் இருந்தவள். போன வருஷம் மதுரையிலேயே இரண்டு இடங்களில் ஐ.வி.எஃப்., அதாவது வெளியே லேபில் கருவை உண்டாக்கிக் கர்ப்பப்பையில் வைக்கிற சிகிச்சைக்கு, கொட்டேஷன் வாங்கினோம். ஊசி, முட்டை எடுப்பது, இக்ஸி (ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்துவது) என எல்லாவற்றுக்கும் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே தொகைதான். ஒன்றில் மட்டும் 'டைம்லாப்ஸ்' என்று, அதாவது கேமரா வைத்த இன்குபேட்டருக்கு, தனியாக ஒரு வரி. அதே தாளில், உறைய வைத்த கருவைப் பிறகு கர்ப்பப்பையில் வைப்பதற்குப் போட்டிருந்த தொகையில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரிக்கே வந்தது.

"வேணாம்னு சொல்லிட்டு, அப்புறம் நெகட்டிவ் வந்தா என் மனசு ஆறாதுக்கா" என்றாள். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் ஒரு மாசம் உட்கார்ந்து படித்தேன்.

முதலில் சாதா முறை. 37 டிகிரி சூட்டில், காற்றின் அளவெல்லாம் கட்டுப்படுத்திய இன்குபேட்டர் என்ற பெட்டிக்குள், ஒரு சின்னத் தட்டில் கரு இருக்கும். முட்டையும் விந்தணுவும் சேர்ந்த 16 முதல் 18 மணி நேரத்தில் எம்பிரியாலஜிஸ்ட் (லேபில் கருவைப் பார்த்துக்கொள்ளும் நிபுணர்) தட்டை வெளியே எடுத்து, உள்ளே இரண்டு சிறு வட்டங்கள் தெரிகின்றனவா என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். தெரிந்தால் கருவுற்றது என்று அர்த்தம். அப்புறம் மூன்றாம் நாள் ஒரு தடவை, ஐந்தாம் நாள் ஒரு தடவை. ஐந்தாம் நாள் பிளாஸ்டோசிஸ்ட் (உள்ளே நீர் கோத்து உப்பிய கரு) ஆகியிருந்தால் '4ஏஏ', '3பிபி' என்று கிரேடு எழுதுவார்கள். எண் அது எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதற்கு. முதல் எழுத்து குழந்தையாகப் போகிற பகுதிக்கு, இரண்டாவது நஞ்சுக்கொடியாகப் போகிற பகுதிக்கு.

டைம்லாப்ஸில் தட்டு வெளியே வருவதே இல்லை. பெட்டிக்குள்ளேயே கேமரா இருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு படம் என்றால் ஐந்து நாளில் 720 தடவை. அந்த மருத்துவமனை கவுன்சலர் டேப்லெட்டில் ஒரு வீடியோ காட்டினார். ஒரு செல் இரண்டாகிறது, நாலாகிறது, எட்டாகிறது. அப்புறம் எல்லாம் நெருக்கியடித்து ஒரே உருண்டையாகி, உள்ளே நீர் கோத்து உப்புகிறது. சட்டென்று சுருங்கி மறுபடி உப்புகிறது, மூச்சு விடுகிற மாதிரி. தங்கச்சி கண் கலங்கிவிட்டாள். எனக்கும் தொண்டை அடைத்தது. அந்த நேரத்தில் கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தால் போட்டிருப்போம்.

கேமரா பிடிப்பதில் உண்மையான விஷயமும் இருக்கிறது. சில கருக்கள் ஒரு செல்லிலிருந்து நேரே மூன்றாகிவிடும், அல்லது இரண்டான ஐந்து மணி நேரத்துக்குள்ளேயே மூன்றாகிவிடும். அப்படிப்பட்டவை கர்ப்பப்பையில் ஒட்டுவது குறைவு. சாதா முறையில் அந்தத் தருணத்தில் யாரும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. அடுத்த தடவை பார்க்கும்போது அது மற்ற கருக்களைப் போலவே லட்சணமாக இருக்கும். கேமராவோ அதைப் பதிவு செய்து வைத்திருக்கும்.

சரி, இதனால் குழந்தை கூடுதலாகப் பிறக்கிறதா? 2024-இல் 'லான்செட்' என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. பிரிட்டனிலும் ஹாங்காங்கிலும் ஏழு மருத்துவமனைகள், 1,575 பெண்கள், சீட்டுப் போட்ட மாதிரி மூன்று குழு. கேமரா படங்களை வைத்துக் கருவைத் தேர்ந்தெடுத்த குழுவில் 33.7 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. சாதா முறையில் 33.0 சதவீதம். மூன்றாவது குழுவுக்குத் தட்டை வெளியே எடுக்காத அதே பெட்டிதான், ஆனால் தேர்வுக்கு அந்தத் தொடர்படங்களைப் பயன்படுத்தவில்லை. அதில் 36.6. இந்த வித்தியாசமெல்லாம் தற்செயலாகவே வரக்கூடிய அளவுதான். அதற்கு முந்தைய வருஷம் நெதர்லாந்தில் 1,731 தம்பதிகளிடம் நடந்த ஆய்வும் கேமராவால் கூடுதல் பலன் காணவில்லை.

ஏன் இப்படி என்று யோசித்தபோதுதான் எனக்குத் தெளிவானது. கேமரா கருவைப் பார்க்கிறதே தவிர வளர்ப்பதில்லை. தங்கச்சிக்கு மூன்று நல்ல கரு கிடைத்தால், எதை முதலில் வைக்கலாம் என்று சொல்லும். மூன்றை நான்காக்காது. மிச்சத்தை உறைய வைத்துவிட்டால் எப்படியும் அதற்கும் ஒரு முறை வரும். செயற்கைக் கருத்தரிப்பு பற்றிய நம் 2021-ஆம் வருஷச் சட்டப்படி பத்து வருஷம் வரை வைத்திருக்கலாம்.

கருவை வளர்ப்பது லேப்தான். அதனால் கேமராவை விட்டுவிட்டு வேறு கேள்விகளோடு இரண்டு இடத்துக்கும் மறுபடி போனோம். கரன்ட் போனால் இன்குபேட்டருக்கு யு.பி.எஸ். தனியாக உண்டா? ராத்திரி சூடு குறைந்தால் அலாரம் யார் போனுக்கு வரும்? எம்பிரியாலஜிஸ்ட் இங்கேயே இருப்பவரா, வெளியூரிலிருந்து வந்து போகிறவரா? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். சில இடங்களில் பல பெண்களுக்கும் மாத்திரை கொடுத்துத் தேதியை ஒன்றாக்கி, 'பேட்ச்' போட்டுச் செய்கிறார்கள். வந்து போகிறவர் கிளம்பிவிட்டால் ஐந்தாம் நாள் பார்ப்பது யார்?

கேமரா உள்ள இடத்தில் பதில் மழுப்பலாக வந்தது. இல்லாத இடத்தில் எம்பிரியாலஜிஸ்ட் அம்மாவே வெளியே வந்து உட்கார்ந்து பேசினார். கூட்டமில்லாத சின்ன மேஜை இன்குபேட்டர், அதற்குள் ஒரு தம்பதிக்கு ஒரு தனிச் சிறு அறை, மற்றவர் தட்டை எடுக்கும்போது உங்கள் கதவு திறக்காது என்றார். கிளம்பும்போது, "டிரான்ஸ்ஃபர், அதான் கருவை வைக்கிற அன்னைக்குப் பூ வச்சுட்டு வராதீங்கம்மா, சென்ட்டும் வேணாம்" என்றார். வாசனைப் பொருளிலிருந்து ஆவியாகி வருவது கருவுக்கு ஆகாதாம். மதுரையில் மல்லிகை இல்லாமல் நல்ல காரியத்துக்குப் போவதா என்று எங்கள் அம்மாவுக்கு மனசே வரவில்லை. எனக்கோ அந்த ஒரு வார்த்தையில்தான் நம்பிக்கை வந்தது.

கேமராவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தனிக் காசு கேட்காமல் பேக்கேஜிலேயே கொடுத்தால் தாராளமாக வாங்கிக்கொள்ளலாம், அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. இரண்டு மூன்று தடவை கரு பாதியிலேயே நின்றுபோனவர்களுக்கு, எந்த மணி நேரத்தில் நின்றது என்றாவது தெரியும். அதற்கு மருந்து கிடைத்துவிடும் என்று மட்டும் நம்பி நகையை அடகு வைக்க வேண்டாம்.

தங்கச்சி கேமரா இல்லாத இடத்தில்தான் செய்துகொண்டாள். ஐந்தாம் நாள் காலை போன் வந்தது, மூன்று பிளாஸ்டோசிஸ்ட். ஒன்றை வைத்தார்கள், அது ஒட்டவில்லை. அன்று ராத்திரி முழுக்க அழுதாள். "கேமரா போட்டிருக்கலாமோ?" என்று கேட்பாள் என்று நான் பயந்துகொண்டே இருந்தேன், கேட்கவில்லை. இன்னும் இரண்டு உறைநிலையில் இருக்கின்றன. அந்த ஒரு வரிக்குக் கொடுத்திருக்க வேண்டிய பணம் அவள் பாஸ்புக்கில் இருக்கிறது. தை பிறந்ததும் அடுத்த கருவை வைக்கப் போகிறோம்.