ஆள் எடுப்பதா, தங்க வைப்பதா?

2017-ல் கொச்சி மெட்ரோ, கேரள அரசின் மகளிர் சுயஉதவித் திட்டமான குடும்பஸ்ரீ வழியாகத் திருநர் 23 பேரை வேலைக்குத் தேர்ந்தெடுத்தது. நாடே பாராட்டியது. கொஞ்ச நாளிலேயே 8 பேர் விலகிவிட்டார்கள். வேலை கஷ்டம் என்று அல்ல. வீட்டுக்காரர்கள் வாடகைக்கு விடவில்லை, லாட்ஜில் தங்கினால் சம்பளம் கட்டுப்படியாகவில்லை.

திருநருக்கு வேலை தர நினைக்கும் எந்த நிறுவனத் தலைவருக்கும் இரண்டு வழி. சிறப்பு ஆள்சேர்ப்பு வேகமானது, எண்ணிக்கை உடனே ஏறும், பேப்பரில் படமும் வரும். சேர்ந்தவர் நிலைக்கச் செய்யும் ஏற்பாடு அப்படியல்ல: தங்குமிடம், கழிப்பறை, மேற்பார்வையாளருக்குப் பயிற்சி, புகாரைக் காது கொடுத்துக் கேட்க ஓர் ஆள். செலவு மாதாமாதம் வரும், கைதட்டல் வராது.

பத்துப் பேருக்குத்தான் பட்ஜெட் என்றால், நான் ஏழு பேரை எடுத்துவிட்டு மீதியை வீட்டு அட்வான்ஸுக்கு ஒதுக்குவேன். ஆளே எடுக்காமல் விழிப்புணர்வு வகுப்பு மட்டும் நடத்தும் கம்பெனிகள் இந்த இரண்டிலும் சேராது.